கைமாறும் நினைவகமும் காவலற்ற வழக்கமும்

சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து, ‘சக்தி’ என்ற ரிஸ்க்-ஃபைவ் பிராசஸரை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘ஐரிஸ்’ சில்லு வெற்றிகரமாக இயங்கிற்று என்ற செய்தி 2025 பிப்ரவரியில் வந்தது. ஏறத்தாழ அதே வாரங்களில், லினக்ஸ் கெர்னலின் டி.எம்.ஏ. பகுதிக்கு ரஸ்ட் மொழியில் ஓர் உறை அமைக்கும் யோசனையை, அப்பகுதியைப் பராமரித்துவந்த கிறிஸ்டோஃப் ஹெல்விக் பிடிவாதமாக எதிர்த்து நின்றார். முன்னதை நம்மவர் கொண்டாடினர். பின்னதை அயலார் வீட்டு மொழிச்சண்டை என்று ஒதுக்கினர். முன்னதன் பயன் பின்னதன் முடிவைப் பெரிதும் சார்ந்தது என்பதே என் நெடுநாளைய அபிப்பிராயம்.

பிராசஸரின் தயவை எதிர்பாராமல் சாதனங்கள் நினைவகத்தில் நேரே எழுதவும் படிக்கவும் இடந்தரும் டி.எம்.ஏ. மகத்தான சௌகரியம். விநாடிக்குப் பத்து கிகாபிட் வேகத்தில் வந்து விழும் தரவைப் பிராசஸரே அள்ளி வைப்பதானால், அதற்கு வேறு காரியம் பார்க்க அவகாசம் இராது. ஒரே டிரைவர் எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் மூன்றிலும் ஓடும்படி லினக்ஸ் வகுத்த ஏற்பாடும் போற்றத்தக்கதே.

ஆயினும் அஸ்திவாரத்தில் ஒரு பெருங்குறை இருக்கிறது. தரவுக்கென நினைவகத்தில் ஒதுக்கிய பஃபரைச் சாதனத்திடம் ஒப்படைத்தபின், அது முறைப்படி திரும்பும்வரை பிராசஸர் அதைத் தொடலாகாது என்பது விதி. எங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஏரிப் பாசனத்தில் ஒருவர் முறை முடிந்ததும் மடையை மாற்றிவிட நீர்க்கட்டி என்று ஓர் ஆள் உண்டு. இங்கோ, ஒப்படைத்தவர் கையிலேயே பாயின்டர் தங்கிவிட, தடுப்பார் எவருமில்லை. எக்ஸ்86 இயந்திரங்களில் சாதனத்தின் எழுத்தையும் கேச்சையும் வன்பொருளே ஒத்துப்போகச் செய்வதால், விதியை மீறிய டிரைவரும் ஆண்டுக்கணக்கில் உத்தமனாகவே உலவுகிறது. அதே டிரைவர் அத்தகைய ஒத்திசைவற்ற சிறு பலகையை அடைந்ததும், கேச்சில் கிடந்த பழைய தரவைப் புதியதென்று எடுத்துக் கொடுக்கிறது. 64 பைட்டு கேச் வரியைப் பஃபரோடு பகிர்ந்துகொண்ட, யாதொரு குற்றமும் அறியாத மாறியும் சேர்ந்து அழிகிறது. இந்த அச்சத்தினாலேயே 64 பிட் ஆர்மில் எட்டு பைட்டு கேட்டவனுக்கும் 128 பைட்டு ஒதுக்கும் வழக்கம் 2023 வரை நீடித்தது. ரிஸ்க்-ஃபைவிலோ கேச்சை நிர்வகிக்கும் பொதுக் கட்டளைகளே 2021இல்தான் அங்கீகாரம் பெற்றன.

கவனமாக எழுதினால் போதும் என்பார்க்கு 2022இல் நிகழ்ந்ததை நினைவூட்டுகிறேன். சாதனம் முழுதும் நிரப்பாத பஃபரின் வழியே, சாதனத்துக்கும் அதற்கும் நடுவே கெர்னல் வைக்கும் இடைநிலைப் பஃபரில் கிடந்த பழைய கெர்னல் தரவு பயனரிடம் கசிந்தது; அதை அடைக்க வந்த திருத்தத்தின் மறுவடிவம், ‘ஏ.டி.எச்.9கே’ என்ற வைஃபை டிரைவரை முடக்கிவிட்டது. தரவு வந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பஃபரைச் சாதனத்திடமே திருப்பித் தருவது அந்த டிரைவரின் வழக்கம். திருப்பும் கணத்தில் புதிய ஏற்பாடு தன் பழைய பிரதியை மேலே எழுதி, அப்போதுதான் வந்த தரவை நாசமாக்கிற்று. பிழை டிரைவருடையதா, திருத்தத்தினுடையதா என்பதில் பழுத்த அனுபவசாலிகளே ஒருமைப்படவில்லை. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அம்மறுவடிவத்தைத் திரும்பப் பெற்றார். விதியின் பொருளையே அதன் கர்த்தாக்கள் ஒருமுகமாகச் சொல்ல இயலாதபோது, அதைக் காக்கவில்லை என்று புதிதாக எழுத வருபவனைக் கடிவது நியாயமாகாது.

டி.எம்.ஏ. பிழைகளைக் காட்டும் சோதனை வசதி கெர்னலில் 2009 முதல் இருக்கிறது. ஆனால் சாதாரண உபயோகத்தில் அதை அணைத்தே வைக்கிறார்கள், பிராசஸர் திருட்டுத்தனமாகப் பஃபரைத் தொடுவதும் அதன் கண்ணில் படாது. இருமொழிக் கலப்பால் பராமரிப்பு சீரழியும் என்ற ஹெல்விக்கின் கவலை அற்பமானதன்று. அன்று விவாதிக்கப்பட்ட உறையும் ஒத்திசைவுள்ள நினைவகத்தை மட்டுமே தொட்டது. எனினும் ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தவனே மீண்டும் தொட்டால் ரஸ்டின் கம்பைலரே மறுக்கும் வழி ஒன்று கிட்டியிருக்க, அதை வாசலிலேயே நிறுத்த முனைந்தது பழைய தவறுகளுக்குச் சாசனம் எழுதிக் கொடுப்பதாகும்.

சுதேசிச் சில்லுகளுக்கு டிரைவர் எழுதும் இளைஞர்களையும் அவர்களுக்குப் பாடம் சொல்வோரையும் கேட்டுக்கொள்கிறேன்: மேசைக் கணினியில் ஓடிவிட்டது என்பதைப் பிரமாணமாகக் கொள்ளாதீர்கள், ஒத்திசைவற்ற பலகையில், சோதனை வசதியை முடுக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காத எந்த டிரைவரையும் ஏற்காதீர்கள்.