பயிற்சிப் பணமா, சம்பள மானியமா?

படித்துவிட்டு வேலை தேடுகிறவர்களுக்காக மத்திய அரசு அடுத்தடுத்து இரண்டு பெரிய திட்டங்களைக் கொண்டுவந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் பயிற்சிக்கு வருகிறவர் கையில் பணம் கொடுக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா, முதல்முறை வேலைக்குச் சேர்கிறவருக்கும் கூடுதலாக ஆள் சேர்க்கும் முதலாளிக்கும் ஊக்கத்தொகை தருகிறது. ஒதுக்கீடு 99,446 கோடி ரூபாய். இருபது முப்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு இவற்றில் எது உண்மையில் உதவும்?

முதலில் இன்டர்ன்ஷிப். இதன் பலம், ஆளைப் பார்த்துப் பழகி முடிவெடுக்க இரு தரப்புக்கும் அவகாசம் கிடைப்பது. முன் அனுபவம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் இளைஞருக்கு ஓராண்டு அனுபவம் கையில் வந்துவிடுகிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? முன்னோடித் திட்டத்தின் முதல் சுற்றில் நிறுவனங்கள் 82,000-க்கும் மேற்பட்ட வாய்ப்புகளை 60,000-க்கும் மேற்பட்டோருக்கு வழங்கின. ஏற்றுக்கொண்டவர்கள் 28,000 பேர் அளவில். போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 8,700 பேர்தான். இடம் தூரம், வேலை பிடிக்கவில்லை, பயிற்சிக் காலம் நீளம் என்று அரசே காரணம் சொன்னது. அந்தச் சுற்றில் தந்த மாதம் 5,000 ரூபாயை வைத்துக்கொண்டு வெளியூரில் அறை எடுத்துச் சாப்பிட்டு ஒரு வருடம் காலம் தள்ள முடியாது. வீட்டில் தாங்கிப்பிடிக்க ஆள் இருப்பவரே போக முடியும் என்றால், ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கென்றே வகுத்த திட்டம் அவர்களில் எளியவர்களைத்தான் முதலில் கைவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை, இது முன்னணி 500 நிறுவனங்களை மையமாக வைத்து அமைந்திருப்பது. மாதத் தொகையில் நிறுவனம் தரும் பங்கும் பயிற்சிச் செலவும் அதன் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியிலிருந்து வருகின்றன. சிறு நிறுவனத்துக்கு அப்படி ஒரு நிதியே கிடையாது. பெரிய நிறுவனம் விரும்பினால் தனக்குப் பொருள் சப்ளை செய்யும் சிறு நிறுவனத்தில் பயிற்சியாளரை அமர்த்தலாம் என்கிறது விதி. அது சிறு நிறுவனத்தின் உரிமையல்ல, பெரியவரின் தயவு.

அடுத்து மானியம், அதாவது ரோஜ்கார் யோஜனா முதலாளிக்குத் தரும் ஊக்கத்தொகை. இது உருவாக்குவது பயிற்சியாளரை அல்ல, பி.எஃப். கணக்குள்ள தொழிலாளியை, இதுவே இதன் முதல் பலம். ஏற்கெனவே இருந்த ஆள் எண்ணிக்கைக்கு மேல் சேர்த்தால்தான் பணம் என்பதால், எப்படியும் சேர்த்திருக்கக்கூடிய ஆளுக்கு அரசுப் பணம் போவதும் ஓரளவு தடுக்கப்படுகிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கோவையில் 22 பேர் வேலை செய்யும் ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் பட்டறை, 14,000 ரூபாய் சம்பளத்தில் புது ஆள் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கிடைக்கும் மானியம் மாதம் 2,000. முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். நிர்வாகக் கட்டணங்களோடு சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,820, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455. மொத்தம் 2,275 ரூபாய். மானியம் அந்த ஆளின் சமூகப் பாதுகாப்புச் செலவுக்கே முழுதாகக் காணவில்லை. சம்பளத்தில் ஒரு பைசாகூட அதிலிருந்து வராது. ஆளைக் கணக்கில் காட்டுவதற்கான கூலி இது என்பதே சரி. அதுவும் நல்ல நோக்கம்தான். அதைச் சம்பள மானியம் என்று சொல்லித் தருவதுதான் பொருந்தவில்லை.

நிபந்தனைகளும் பெரிய தொழிற்சாலையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. 50 பேருக்குக் குறைந்த நிறுவனம் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்; அவர்கள் ஆறு மாதமாவது நிலைக்க வேண்டும். பட்டறையில் ஆர்டர் வர வரத்தான் ஒவ்வொருவராக ஆள் ஏறும். இருபது பேருக்குக் குறைந்த இடங்களுக்கு பி.எஃப். கட்டாயமே இல்லை என்பதால் கடைநிலைச் சிறுதொழில் பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகிறது. பிரிட்டன் 2020-இல் கொண்டுவந்த கிக்ஸ்டார்ட் திட்டத்திலும் இதே கோளாறு இருந்தது. 30 இடங்கள் தர முடியாத நிறுவனம் இடைத்தரகு அமைப்பு வழியாகத்தான் வர முடிந்தது. 2021 பிப்ரவரியில் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள்.

இரண்டு திட்டங்களும் காணாமல் விட்ட செலவு ஒன்று உண்டு. மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க சீனியர் செட்டர் தன் மெஷினை விட்டு வர வேண்டும். அந்த நேரத்துக்கு உற்பத்தி நிற்கும். புது ஆள் ரிஜெக்ட் ஆக்கும் பீஸுக்கு மெட்டீரியல் காசும் பட்டறை தலையில்தான். சிறு முதலாளி புது ஆளை எடுக்கத் தயங்குவதில் சம்பளத்துக்கு இணையான பங்கு இதற்கும் உண்டு.

ஆகவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், என் வாக்கு மானியத்துக்கே. அது வேலையில் போய் முடிகிறது. இன்டர்ன்ஷிப் சான்றிதழில் போய் முடியக்கூடும். ஆனால் முதலில் பயிற்சி, பிறகு மானியம் என்று வரிசைப்படுத்தினால் இன்னும் பயன் உண்டு. 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி நான்கு பேர் வேலை செய்யும் இடம்கூடப் பயிற்சியாளரை எடுக்கலாம்; உதவித்தொகையில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் அதில் இல்லாததால் மலிவான கூலிக்கு அது வழிவிடுகிறது. அந்த ஓட்டையை மானியத்தைக் கொண்டே அடைக்கலாம்: தான் பயிற்றுவித்தவரை வேலைக்கு எடுக்கும் சிறு நிறுவனத்துக்கு, ஒரே ஒரு ஆளானாலும், கற்றுக்கொடுத்தவரின் நேரத்தையும் சேர்த்து மானியம் தரட்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்ற கணக்கைவிட, பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் பி.எஃப். பட்டியலில் இருக்கிறார்கள் என்பதே இந்தச் செலவின் பலனைச் சொல்லும்.