ஏதுவும் ஏதுப்போலியும்: மருத்துவச் சேவை ஆய்வுக் கருத்தரங்குகளின் அளவீட்டு மொழி

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவச் சேவை ஆய்வு, மருத்துவத் தகவலியல் ஆகிய இரு துறைகளும் நோயாளியை நேரில் காணாமல், அவரைப் பற்றிய பதிவுகளைக் கொண்டே அவர்தம் நிலையைப் பெரிதும் அறிகின்றன. ஆதலின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறியும் கருதலளவையின் கட்டுப்பாடுகள் இவற்றுக்கும் உரியன. அமெரிக்காவில் 1966, 1973, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று ஆய்வுகளைத் தமிழ் அளவை மரபின் 'ஏது', 'ஏதுப்போலி' என்னும் கருத்துகளின் துணைகொண்டு இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. கணக்கீட்டின் செம்மை ஏதுவின் செம்மைக்கு ஈடாகாது என்பதும், கருத்தரங்க உரையின் வழக்கமான அமைப்பு இவ்வேறுபாட்டை மறைக்கக்கூடும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: மருத்துவச் சேவை ஆய்வு, மருத்துவத் தகவலியல், கருத்தரங்கம், அளவை, ஏதுப்போலி, பதிலி அளவீடு

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் புலங்களில் நிகழும் ஆய்வுக் கருத்தரங்கம் ஏறத்தாழ ஒரு மணி நேர நிகழ்வு. அதில் நிகழ்த்தப்பெறும் உரை பின்னணி, நோக்கம், தரவு, முறை, முடிவு, வரையறை என்னும் வரிசையில் செல்கிறது. உரை தொடங்குமுன், தொடர்கல்வி விதிகளுக்கு உட்பட்ட அரங்குகளில், பேச்சாளர் தமக்கு நிறுவனங்களுடன் உள்ள பொருளுறவுகளை அறிவிக்க வேண்டும். பணம் பேசுவோரின் கருத்தைத் திரிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையின் விளைவு இவ்விதி.

இவ்வெச்சரிக்கை பேச்சாளரோடு நின்றுவிடுகிறது. அவர் திரையில் காட்டும் தரவுக்கும் ஒரு பொருளுறவு உண்டு. காப்பீட்டுத் தரவு என்பது ஒருவர் கட்டணம் கோரியதனால் உண்டான பதிவு. மருத்துவமனையின் நோய்க்குறியீடும் பல நேரங்களில் கட்டணத்தை முன்னிட்டே எழுதப்படுகிறது. நோயை அறிவதற்கென்று தோன்றாத ஒரு பதிவை நோயின் சான்றாகக் கொள்ளும்போது, அச்சான்று எத்தகையது என்ற வினா எழுகிறது. இவ்வினாவை எழுப்பவேண்டிய இடம் கருத்தரங்கமே. அது எந்த அளவுக்கு எழுப்பப்படுகிறது, எழுப்பப்படாதபோது யார் இழக்கிறார்கள் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அளவை மரபு தரும் கருவி

தமிழில் 'அளவை' என்னும் சொல் அளக்கும் கருவியையும் அறிவுக்குரிய வாயிலையும் ஒருங்கே குறிக்கும். மணிமேகலையின் 27-ஆம் காதை அறிவு வாயில்களாகிய அளவைகளை எடுத்துரைக்கிறது. 29-ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் வகுக்கிறது. நேரே அறிவது காட்சி. ஒன்றைக் கொண்டு மறைந்திருக்கும் மற்றொன்றை அறிவது கருதல். புகையைக் கண்டு நெருப்புண்டு எனத் துணியும்போது புகை ஏது.

ஏது செம்மையாக இருப்பதற்கு மூன்று தேவைகள் உள. ஆராயப்படும் இடத்தில் அது இருக்கவேண்டும். துணிபொருள் உள்ள ஒத்த இடத்தில் அது காணப்படவேண்டும். துணிபொருள் இல்லாத இடத்தில் அது இருத்தல் கூடாது. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் அது ஏதுப்போலி. ஆவியோ பனியோ என்று ஐயம் தீராத நிலையிலேயே அதைப் புகை எனக் கொண்டு நெருப்பைத் துணிவதை மணிமேகலை ஒரு குற்றமாகக் காட்டுகிறது. அளவை நூலார் வேறோர் எச்சரிக்கையும் தருவர்: பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. எனவே புகையின்மையைக் கொண்டு நெருப்பின்மையைத் துணிதல் ஆகாது.

இக்கருவி தற்காலப் புள்ளியியலுக்கு மாற்று அன்று. புள்ளியியல் கணக்கிடத் தொடங்குமுன் எழவேண்டிய ஒரு வினாவை அது கூர்மையாக்குகிறது என்பதே இங்கு அதன் பயன்.

டொனபீடியனின் கட்டுரை: நினைவில் நின்றதும் நில்லாததும்

1965 ஜூலை 30 அன்று முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், அந்நாட்டுப் பொதுநலத்துறையின் மருத்துவச் சேவை ஆய்வுக் குழு எழுதுவித்த கட்டுரைகள் சிகாகோவில் ஒரு கருத்தரங்கில் விவாதிக்கப்பட்டன. அவற்றுள் அவெடிஸ் டொனபீடியன் எழுதிய, மருத்துவக் கவனிப்பின் தரத்தை மதிப்பிடுதல் பற்றிய கட்டுரை 1966 ஜூலையில் மில்பேங்க் நினைவு நிதியத்தின் காலாண்டிதழில் வெளிவந்தது. மெடிகேர் நடைமுறைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான். பெருந்தொகையில் கட்டணப் பதிவுகள் பிறக்கத் தொடங்கிய பொழுதிலேயே, கவனிப்பை எவ்வாறு அளப்பது என்பதற்கான சட்டகமும் அச்சேறியது.

கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று கோணங்கள் அக்கட்டுரையின் கொடை. இன்றும் இத்துறையின் அறிமுக வகுப்புகளில் இம்மூன்றும் சொல்லப்படுகின்றன. ஆனால் கட்டுரையின் பெரும்பகுதி ஐயங்களால் ஆனது. மருத்துவப் பதிவேடு முழுமையானதா, உண்மையானதா? பதிவேட்டைப் படித்துத் தீர்ப்பளிக்கும்போது மதிப்பிடப்படுவது கவனிப்பா, எழுத்து வேலையா? விளைவுகளே இறுதிச் சான்று என்றாலும், விளைவுக்கு வேறு காரணங்களும் இருக்குமே? இவ்வினாக்களை டொனபீடியன் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். தாம் மருத்துவர்–நோயாளி உறவு என்னும் தளத்தோடு நிற்பதாகவும், சமுதாய அளவில் கவனிப்பு சென்றுசேரும் முறையைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் தொடக்கத்திலேயே எல்லை வகுக்கிறார். தரத்தை அளப்பதில் காட்டும் முனைப்பைக் கவனிப்பு நிகழும் முறையைப் புரிந்துகொள்வதன் பக்கம் திருப்பவேண்டும் என்பது அவரது நிறைவுக் கருத்து.

அளவை மொழியில் கூறின், டொனபீடியன் மூன்று வகை ஏதுக்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றும் எங்கே போலியாகும் என்றும் காட்டினார். பட்டியல் பாடமாயிற்று, எச்சரிக்கை அந்த அளவுக்குப் பரவவில்லை. கருத்தரங்கில் பிறந்த ஒரு கட்டுரையின் வினாத்தன்மை நீங்கி வகைப்பாடு மட்டும் எஞ்சியது, அத்துறையின் வாசிப்பு முறை பற்றிய ஒரு செய்தியாகும்.

வெர்மான்ட்: நெருப்பின்றி எழுந்த புகை

டொனபீடியன் விட்டுவைத்த சமுதாயத் தளத்தை ஜான் வென்பர்க்கும் ஆலன் கிட்டல்சோனும் எடுத்துக்கொண்டனர். 1973 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த அவர்களது ஆய்வு வெர்மான்ட் மாநிலத்தை 13 மருத்துவமனைச் சேவைப் பகுதிகளாகப் பிரித்து ஒப்பிட்டது. டான்சில் அகற்றும் அறுவை, மக்கள் 10,000 பேருக்கு ஒரு பகுதியில் 13 ஆகவும் மற்றொரு பகுதியில் 151 ஆகவும் இருந்தது. ஒரு சிறு மாநிலத்தின் அண்டைப் பகுதிகளிடையே தொண்டை நோய் பதினொரு மடங்குக்கு மேல் வேறுபடும் என்று கொள்ளுதல் அரிது. வேறுபட்டது நோயன்று, அப்பகுதி மருத்துவர்களின் வழக்கம் என்பதே ஆய்வு சுட்டிய விளக்கம்.

இங்கு அறுவை என்பது புகை. அதன்கீழ் அதே அளவு நெருப்பு இல்லை. துணிபொருள் இல்லாத இடத்திலும் ஏது காணப்படுகிறது. பனியைப் புகை எனக் கொள்ளும் குற்றம் இதற்கு நெருங்கியது. சிகிச்சை மிகுந்தால் நோய் மிகுதி என்னும் கருதலை வெர்மான்ட் தரவு குலைத்தது.

இவ்வாய்வின் வலிமை அதன் கணித நுட்பத்தில் இல்லை. விகிதங்களின் ஒப்பீடே அதன் முறை. யாரை எண்ணுவது என்ற தேர்வில்தான் அதன் வலிமை. மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணாமல், அப்பகுதியில் வாழ்வோர் அனைவரையும் வகுக்கும் எண்ணாகக் கொண்டனர். வாராதவரும் கணக்கில் ஓர் இடம் பெற்றார். தரவு எங்கிருந்து வருகிறது என்ற வினாவை முறையியலின் தொடக்கத்திலேயே வைத்ததன் பயன் இது.

கணிப்பு நிரல்: புகையின்றி எரிந்த நெருப்பு

2019 அக்டோபரில் அதே இதழில் சியாத் ஓபர்மையர், பிரையன் பவர்ஸ், கிறிஸ்டின் வோகெலி, செந்தில் முல்லைநாதன் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. அது ஒரு பெரிய கல்விசார் மருத்துவமனையில் பயன்பட்டுவந்த வணிகக் கணிப்பு நிரல் ஒன்றை ஆராய்ந்தது. நாட்பட்ட நோயுடையோருள் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று மதிப்பெண் இடுவது அந்நிரலின் பணி. வரிசையில் உச்சியிலுள்ள 3 விழுக்காட்டினர் தாமாகவே சிறப்புக் கவனிப்புத் திட்டத்துக்குத் தெரிவுசெய்யப்படுவர். வெள்ளையினத்தவர் 43,539 பேரும் கறுப்பினத்தவர் 6,079 பேரும் ஆய்வில் இடம்பெற்றனர்.

நிரலுக்கு நோயாளியின் இனம் தரப்படவில்லை. அது கணித்த செலவு இரு இனத்தாருக்கும் ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. ஆயினும் உச்சி மதிப்பெண் எல்லையில் நிற்கும் இருவரை ஒப்பிட்டால், வெள்ளையினத்தவருக்குச் சராசரி 3.8 நாட்பட்ட நோய்கள் எனில் கறுப்பினத்தவருக்கு 4.8. ஒரே மதிப்பெண் பெறுவதற்குக் கறுப்பின நோயாளி கூடுதலாக நோயுற்றிருக்க வேண்டியிருந்தது.

காரணம் ஏதுவில் உள்ளது. நிரல் கணித்தது நோயை அன்று, எதிர்காலச் செலவை. நாட்பட்ட நோய்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும்போதும் கறுப்பின நோயாளிக்கு ஆண்டுக்குச் சராசரி 1,801 டாலர் குறைவாகவே செலவிடப்பட்டிருந்தது. வறுமை, விடுப்பெடுக்க இயலாத வேலை, போக்குவரத்துத் தடை, மருத்துவரிடம் நம்பிக்கையின்மை, அவரிடம் சமமாக நடத்தப்படாமை எனத் தடைகள் பல. செலவு பிறக்கவில்லை, நோய் இருந்தது. காய்ச்சிய இரும்பில் புகையைத் தேடிக் காணாமல் நெருப்பில்லை என்று நிரல் துணிந்தது. கவனிப்பு கிடைக்காமையே கவனிப்பு தேவையின்மைக்குச் சான்றாக மாறியது. இச்சார்பு நீங்கின், தாமாகத் தெரிவாகும் குழுவில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என ஆய்வு மதிப்பிட்டது. அவ்விடைவெளியில் நிற்போர் உண்மையான நோயாளிகள். தனிச் செவிலியரும் கூடுதல் சந்திப்பு நேரமும் கிட்டாமல் போனவர்கள்.

செலவை ஏதுவாகக் கொண்டதை வெறும் அறியாமை எனத் தள்ளிவிட இயலாது. நோய் மிகுந்தோருக்குப் பொதுவாகச் செலவும் மிகும். செலவுத் தரவு எளிதில் கிடைக்கும். பொருளாதார நோக்கில் செலவைக் கணிப்பது பயனுள்ளதும்கூட. நாட்பட்ட நோய்களின் எண்ணிக்கையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது அன்று. மருத்துவரைக் காணச் சென்றால்தானே நோய்க்குறியீடு எழுதப்படும்? ஆய்வாளர் இதனை உணர்ந்து இரத்த அழுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றின் அளவுகளையும் ஒப்பிட்டனர். அவை முற்றும் காட்சி அல்ல எனினும் காட்சிக்கு நெருங்கியவை. பின்னர் நிரலை உருவாக்கிய நிறுவனத்துடன் சேர்ந்து, செலவோடு உடல்நிலையையும் கணிப்புப் பொருளாக வைத்துச் சோதித்தபோது சார்பு 84 விழுக்காடு குறைந்தது. கணித முறை மாறவில்லை. எதைக் கணிப்பது என்பது மாறியதே போதுமானதாயிற்று.

கருத்தரங்க உரையமைப்பின் பங்கு

மூன்று ஆய்வுகளையும் சேர்த்து நோக்கும்போது ஒரு பொதுமை புலனாகிறது. செல்வாக்கு மிக்க இவ்வாய்வுகள், பிறர் முடிந்ததாகக் கொண்ட ஏதுவை மீண்டும் திறந்து பார்த்தவை. ஆனால் கருத்தரங்க உரையின் வழக்கமான வரிசை அதற்கு இடம் தருவதில்லை. 'தரவு' என்னும் பகுதியில் நோயாளிகளின் எண்ணிக்கையும் ஆண்டுகளும் சொல்லப்படும். 'முறை' விரிவாகப் பேசப்படும். செலவு நோய்க்குப் பதிலியாகக் கொள்ளப்பட்டது என்னும் செய்தி 'வரையறை' என்ற கடைசிப் பகுதியில் ஒரு வரியாக இடம்பெறக்கூடும். முடிவை அவை ஏற்றுக்கொண்டபின் வரும் அவ்வரி, முடிவின் தகுதியைத் தீர்மானிக்கும் அடிப்படையாக இராமல் அடக்கத்தின் அடையாளமாகச் சுருங்கிவிடுகிறது.

அளவை நூலாரின் வாதமுறை இதற்கு மாறானது. துணிபொருளைச் சொன்னவுடன் ஏதுவைச் சொல்லவேண்டும். அதன் செம்மை நிறுவப்பட்ட பின்னரே முடிவு நிற்கும். ஏதுவைக் கடைசியில் வைத்து மன்னிப்புக் கோரும் வாதம் அங்கு வாதமாகாது. கருத்தரங்க உரையும் மூன்று வினாக்களுடன் தொடங்கலாம். இப்பதிவு யாரால், எதற்காக எழுதப்பட்டது? இது இருந்தும் நோய் இல்லாதோர் யார்? நோய் இருந்தும் இப்பதிவு இல்லாதோர் யார்? வெர்மான்ட் ஆய்வு இரண்டாம் வினாவுக்கும் 2019 ஆய்வு மூன்றாம் வினாவுக்கும் விடை தேடின. முதல் வினா டொனபீடியனுடையது.

முடிவுரை

மருத்துவத் தகவலியலின் கணிப்புக் கருவிகள் நாளுக்கு நாள் நுட்பம் பெறுகின்றன. கணக்கீடு எவ்வளவு துல்லியமானாலும் ஏதுப்போலியிலிருந்து மெய்த்துணிபு பிறவாது. பிழை விரைவாகவும் பரவலாகவும் நிகழும், அவ்வளவே. இதனைத் தடுக்கும் வாய்ப்பு, நிரல் மருத்துவமனைக்குள் நுழையுமுன் அது விவாதிக்கப்படும் அவைக்கு உண்டு. அவ்வவையில் இல்லாதவர், தரவிலும் இல்லாதவர், நோயோடு வீட்டில் இருப்பவர். அவர் சார்பில் எழவேண்டிய வினாவே ஏது பற்றிய வினா.

டொனபீடியன் 2000-ஆம் ஆண்டு மறைந்தார். தம் இறுதிக் காலத்தில் புற்றுநோயாளியாக மருத்துவமனைக் கவனிப்பை அனுபவித்த அவர், ஒரு நேர்காணலில் அமைப்புகளும் அளவீடுகளும் தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல என்றும், தரத்தின் உள்ளீடு அன்பே என்றும் பொருள்படக் கூறினார். வாழ்நாளெல்லாம் அளவீட்டைப் பற்றிச் சிந்தித்தவர் அதன் எல்லையைக் கட்டிலில் கிடந்தவாறு கண்டுரைத்த சொல் அது. 1966-இல் பதிவேட்டை ஐயுற்றபோது அவர் நோயாளியை வெளியிலிருந்து கண்டார். நேர்காணலில் பேசியது அந்நோயாளியே. கருத்தரங்குகளுக்குக் கிட்டாத காட்சியளவை அது.