ஹெர்குலிஸ்: பந்தயச் சாலையும் அம்பத்தூரும்

சாலை மிதிவண்டிப் பந்தயத்தின் வரலாற்றை 1903-இல் முதல் டூர் டி பிரான்ஸை வென்ற மோரிஸ் கராங்கிலிருந்து தொடங்குவது வழக்கமெனினும், அம்மரபைத் தமிழ் வாசகருக்கு நெருக்கமாக்குவது, 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் மிதிவண்டியே ஆகும். பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ் நிறுவனத்தை 1946-இல் வாங்கிய பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமம், 1949-இல் முருகப்பா குடும்பத்தாருடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தோற்றுவிக்க, 1951-இல் உற்பத்தி தொடங்கியது.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் ஹெர்குலிஸ் தொழில்முறை வீரர்களை, அதாவது ஊதியம் பெற்று நிறுவனத்தின் வண்டியை ஓட்டுவோரை, அமர்த்தியிருந்தது. அவர்களுள் தலையாயவர் ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய எய்லீன் ஷெரிடன். பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடக்கே ஜான் ஓ'க்ரோட்ஸ் வரையிலான சுமார் 1,400 கிலோமீட்டரை, ஒரு குழந்தைக்குத் தாயான பின், 1954-இல் அவர் 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் கடந்தார். அச்சாதனை 36 ஆண்டுகள் நிலைத்தது. ஹெர்குலிஸின் பெயரால் நிகழ்ந்தவற்றுள் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது வேறில்லை.

1955-இல், பெரும்பாலும் ஹெர்குலிஸ் வீரர்களைக் கொண்ட பிரிட்டிஷ் அணி, சுமார் 4,500 கிலோமீட்டர் நீண்ட டூர் டி பிரான்ஸில் முதன்முறையாக இறங்கியது. பத்துப் பேருள் இருவரே பாரிஸை அடைந்தனர்: பிரையன் ராபின்சன் 29-ஆம் இடம், டோனி ஹோர் கடைசியான 69-ஆம் இடம். வென்றவர் லூயிசோன் பொபே. ஆயினும் வான்டூ மலையும் வெயிலும் பலரைத் திருப்பியனுப்பிய அப்பந்தயத்தில் இறுதிவரை நின்ற ஹோரின் உறுதியும் போற்றத்தக்கதே. ராபின்சன் 1958-இல் டூரின் ஒருநாள் கட்டம் ஒன்றை வென்ற முதல் பிரிட்டிஷ் வீரரானார்.

இவ்வண்டிகளின் கலை குழாயில் உள்ளது. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய 531 என்னும் மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய், பற்றவைக்கும் வெப்பமும் விசையும் தாக்கும் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருந்ததால், பந்தயச் சட்டம் வலிமை குன்றாமல் எடை குறைந்தது. அம்பத்தூரின் ரோட்ஸ்டரோ, அதாவது அன்றாடப் பயன்பாட்டுக்கான மிதிவண்டியோ, கனத்த எஃகால் ஆனது. அதன் முன்கவை, அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், பந்தய வண்டியினதை விடச் சாய்ந்து நிற்பதாலும் சக்கர இடைவெளி நீண்டிருப்பதாலும், அரிசி மூட்டையையோ பால் கேனையோ சுமந்து குண்டும் குழியுமான பாதையில் தடுமாறாமல் சென்றது. வேகத்திற்கான செறிவும் சுமைக்கான நிதானமும் ஒரே தொழிலறிவின் இரு விடைகள் என்பதால், ரோட்ஸ்டரைத் தாழ்ந்த வண்டியென எண்ணுவது பிழை. பிரிட்டிஷ் அணி பிரான்ஸில் ஓடிய அதே 1955-இல், ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா எஃகுக் குழாய் செய்யத் தொடங்கியது.

1980-இல் டச்சு வீரர் ஜூப் ஸூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றது டி.ஐ.-ராலே அணியில். அதன் முதலிரண்டு எழுத்துகளும் அம்பத்தூர் ஆலையின் பெயரில் இருந்த டி.ஐ.-யும் ஒரே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸைக் குறிப்பன.