கான்ஜி மனப்பாடம்: ஒரு நூலும் சில ஐயங்களும்

கான்ஜி என்றதும் வீட்டுக் கஞ்சி நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. எனக்கும் முதலில் அதுதான் வந்தது. ஜப்பானியர் சீனாவிடமிருந்து பெற்றுத் தம் மொழியை எழுதப் பயன்படுத்தும் எழுத்துகளுக்கே அப்பெயர். ஹிரகானா, கடகானா என்னும் ஒலியெழுத்துகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். கான்ஜி அப்படியன்று. பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள் உள்ளன. ஜப்பானியக் குழந்தைகளே தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 எழுத்துகளைத்தான் கற்கிறார்கள்.

இம்மலையைச் சில மாதங்களில் ஏறிவிடலாம் என்று கூறும் ஒரு நூல் உலகெங்கும் புகழ் பெற்றது. ஜேம்ஸ் ஹைசிக் எழுதிய 'ரிமெம்பரிங் த கான்ஜி' என்னும் அந்நூலின் முதல் வடிவம் 1977-இல் வந்தது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் நடைபெறுகிறது அல்லவா? அதற்குப் படிக்கும் என் மாணவர் இருவர், மாலை நேரம் முழுவதையும் இந்நூலுக்கே ஒதுக்கலாமா என்று கேட்டனர். அவர்களுக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நூலின் முறை எளியது. ஒவ்வோர் எழுத்தையும் உறுப்புகளாகப் பிரித்து, உறுப்புக்கு ஒரு பெயரிட்டு, அவற்றைக் கோத்து ஒரு கற்பனைக் காட்சியை மனத்தில் வரைய வேண்டும். சூரியனும் சந்திரனும் சேர்ந்தால் ஒளி. வயலும் வலிமையும் சேர்ந்தால் ஆண். மனிதன் மரத்தருகே நின்றால் ஓய்வு. எழுத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல் அடையாளமாக நிற்கும். அதன் ஜப்பானிய ஒலி முதல் தொகுதியில் இல்லை. அது இரண்டாம் தொகுதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

பிரித்துப் பார்க்கும் இப்பழக்கம் மிக நல்லது என்பதில் ஐயமில்லை. வானொலிப் பெட்டியின் சுற்றுப்படத்தைப் புதியவர் பார்த்தால் கோடுகளின் குவியல். பயின்றவர் கண்ணுக்கோ திருத்தி, வடிப்பான், பெருக்கி என நான்கைந்து பகுதிகள்தாம். பதினைந்து கோடுகளை நினைவில் வைப்பதைவிட மூன்று உறுப்புகளை வைப்பது எளிது. இந்த அளவில் நூலை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் ஒலியைப் பிரித்து வைத்ததற்கு ஆசிரியர் கூறும் காரணம்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சீன மாணவர்கள் எழுத்துகளின் பொருளையும் வடிவத்தையும் முன்பே அறிந்திருப்பதால் ஜப்பானிய மொழியை விரைவில் கற்கிறார்கள். நாமும் அந்த நிலையை முதலில் அடைவோம் என்கிறார் அவர். சீன மாணவர் கொண்டு வருவது பொருளும் வடிவமும் மட்டும்தானா? நூலகத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லை ஜப்பானியர் 'தோஷோகான்' என்பர். சீனர் 'தூஷூகுவான்' என்பர். எழுத்தோடு சொல்லும், சொல்லோடு ஏறத்தாழ ஒலியும் அவரிடம் முன்பே இருக்கின்றன. ஆங்கில அடையாளச் சொற்களைச் சுமந்து செல்லும் நம் மாணவரிடம் இவை எதுவும் இல்லை.

ஒலியை விடுவதால் ஓர் அரிய உதவியும் கைநழுவுகிறது. நீலத்தைக் குறிக்கும் எழுத்தின் சீனவழி ஒலி 'ஸே'. அதனுடன் நீர் உறுப்பைச் சேர்த்தால் தெளிவு, சூரியனைச் சேர்த்தால் வானம் வெளுத்தல், பேச்சைச் சேர்த்தால் வேண்டுதல். மூன்றின் ஒலியும் 'ஸே'தான்! ஓர் உறுப்பு பொருளுக்கும் மற்றொன்று ஒலிக்கும் குறிப்புத் தருமாறு அமைந்த எழுத்துகளே கான்ஜியில் மிகுதி. எழுத்துக்குள்ளேயே இருக்கும் இந்நினைவுக் குறிப்பை ஒத்திவைத்துவிட்டுக் கற்பனைக் கதையைத் தேடுவானேன்? இரண்டாம் தொகுதியில் ஆசிரியரே இத்தகைய கூட்டங்களை வரிசைப்படுத்துகிறார். அதுவரை பொறுத்திருப்பவர் எத்தனை பேர்?

நான் அறுநூறு எழுத்துகள் கற்ற துணிவில் ஒரு ஜப்பானியப் பள்ளி இயற்பியல் நூலைப் புரட்டினேன். 'மின்சாரம்', 'குழந்தை' என்று இரண்டு எழுத்துகள். மின் குழந்தையா! சற்றுத் தள்ளி 'ஒளிக் குழந்தை' வேறு. பிறகுதான் தெரிந்தது: முன்னது 'டென்ஷி', அதாவது எலெக்ட்ரான், பின்னது 'கோஷி', அதாவது ஃபோட்டான். புரோட்டானுக்கு 'யோஷி' என்பர். குழந்தை எழுத்து இங்கே துகளைக் குறிக்கும் விகுதி. 'யோஷி'யின் அதே இரண்டெழுத்துகள் ஒரு பெண்ணின் பெயரானால் 'யோகோ' என்றும் படிக்கப்படும்! எழுத்தின் பொருள் சொல்லுக்குள் வந்தபின்தான் முடிவாகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மனத்தில் பதிந்தது நிலைக்குமா என்பது இன்னொரு வினா. சீன எழுத்துகளைக் கற்பனைப் படிம முறையில் கற்றவர்கள் உடனடித் தேர்வில் முன்னின்றாலும், நாளடைவில் அதிகம் மறந்தனர் என 1992-இல் வாங், தாமஸ் என்போர் கண்டனர். கார்ப்பிக், ரோடிகர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களைப் பொருளுடன் கற்றனர். ஒருமுறை சரியாகச் சொன்ன பின்னும் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காடு நினைவுகூர்ந்தனர். சோதிப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் மீண்டும் படிக்க மட்டும் செய்தவர்களோ 36 விழுக்காடுதான். பயன் தருவது நினைவிலிருந்து வெளியே இழுக்கும் முயற்சியே.

ஹைசிக்கும் அட்டைகளைக் கொண்டு சோதிக்கச் சொல்கிறார். ஆனால் ஒரே திசையில்: அடையாளச் சொல்லைப் பார்த்து எழுத்தை எழுத வேண்டும். தேர்வறையிலும் தெருப்பலகையிலும் நமக்கு வேண்டியதோ எழுத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லும் திறன்.

ஆகவே அம்மாணவர்களிடம், உறுப்புகளைப் பிரிக்கும் கலையை மட்டும் நூலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அட்டையின் ஒருபுறம் முழுச் சொல், மறுபுறம் ஒலியும் தமிழில் பொருளும்; இன்று, மூன்றாம் நாள், பிறகு அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டு எடுத்துப் பாருங்கள். தவறினால் மறுநாளே திரும்பவும் எடுக்க வேண்டும். என் பழைய அறுநூறு அட்டைகளையும் இப்படித்தான் திருத்தி எழுதி வருகிறேன். 'குழந்தை' அட்டையின் பின்புறத்தில் டென்ஷி, கோஷி, யோஷி மூன்றும் ஏறிவிட்டன.