சுவரில் சாய்ந்து குறைக்கும் குருதியமுக்கம்

தசையின் நீளமும் மூட்டின் கோணமும் மாறாமல் விசையைத் தாங்கி நிற்பதே சமநீளப் பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை மடக்கி, கதிரையின்றி அமர்ந்த நிலையில் இரண்டு நிமிடம் இருப்பது அதன் எளிய வடிவம். 2023இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வு, 270 சோதனைகளைத் திரட்டி, இப்பயிற்சி குருதியமுக்கத்தின் மேல் அளவைச் சராசரியாக 8.24 மி.மீ. பாதரசம் குறைத்ததென்றும், நடை, ஓட்டம் போன்றவை 4.49 மி.மீ. குறைத்தனவென்றும் கண்டது. இறுகிய தசை குருதிக்குழாய்களை நெருக்க, தளர்ந்ததும் குருதி பெருகிப் பாய்ந்து, குழாய்ச் சுவரில் நைத்திரிக் ஒட்சைட்டு சுரந்து குழாய்கள் விரிவதே இதற்கு முதன்மையாகக் கூறப்படும் விளக்கம்.

வீடுகள் நெருங்கி நிற்கும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கரையோர ஊர்களில், வீதியில் வேகமாக நடக்கத் தயங்கும் பெண்களுக்கு இதன் பயன் வெளிப்படை: இடையிடையே ஓய்வுடன் நான்கு தடவை, வாரத்தில் மூன்று நாள், அறைக்குள்ளேயே செய்து முடிக்கலாம்.

ஆயினும் அந்தப் பகுப்பாய்வின் தரவரிசையை அப்படியே நம்புவதற்கில்லை. அது பெரிதும் வெவ்வேறு சோதனைகளை மறைமுகமாக ஒப்பிட்டுப் பெற்றது, அவற்றுட் பல சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. மேலும், சுவரில் சாயும் வடிவத்தின் சோதனைகளில் முழங்காலின் கோணம் அவரவர் இதயத் துடிப்புக்கேற்ப வகுக்கப்பட்டது. வீட்டிலோ அது ஊகமே. அசையாமல் நிற்பதால் மட்டும், தொழுகையில் நிற்கும் நிலையையும் குனிந்து நிற்கும் ருகூவையும் இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது, ஏனெனில் அங்கே தசை அவ்வளவு விசையைத் தாங்குவதில்லை. வணக்கத்தை மருந்தாக எடைபோடுவது இரண்டுக்கும் நியாயமன்று.

முக்கியமான குறை வேறு. அமுக்கத்தைக் குறைக்கும் இப்பயிற்சியே, செய்யும் வேளையில் அதை உயர்த்துகிறது. மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். ஆகவே கட்டுப்படாத பிரஷர், இதய நோய், விழித்திரைப் பாதிப்பு உள்ளோர் வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது. முழங்கால் தேய்ந்தோர் கைப்பிடிக் கருவியை இறுக்கும் வடிவத்தை நாடலாம். நடை தரும் மூச்சுவலிமையையும் எடைக் குறைப்பையும் இந்தச் சில நிமிடங்கள் தரமாட்டா. கருவாட்டிலும் ஊறுகாயிலும் சேரும் உப்பையும் ஈடுசெய்யமாட்டா.

எனவே இதனை நடைக்குத் துணையாக ஏற்கலாம், மாற்றாக அன்று. கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வேறெங்கோ கிளினிக் செல்வோர், இதைத் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லி, அளவுகளைக் கிளினிக் கொப்பியில் பதிந்துவர வேண்டும். அமுக்கம் குறைந்தாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.