குழாய் பாடும் ஆடி

ஆடியில் கூழ் வார்க்கும் நாளென்றால் பழவேற்காட்டுக் குப்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியாக வேண்டும். மைக் செட்டுக்காரர் அதன் வாயை ஏரிப்பக்கம் திருப்பிக் கம்பியால் இறுக்குவார்.

ஸ்டுடியோக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். அவருக்கு 1978இல் வந்த யமஹா என்எஸ்-10 மாதிரி, பதிவின் குறையை மறைக்காமல் காட்டும் பெட்டி வேண்டும். குழாயோ தவிலின் அடிநாதத்தை விழுங்கிவிட்டு, குரல் இருக்கும் நடுப்பகுதியைத்தான் தள்ளிக்கொண்டு வரும். உள்ளேயிருக்கும் சின்னத் தகட்டின் அதிர்வைக் கூம்பு காற்றோடு நன்றாகச் சேர்த்துவிடுவதால், குறைந்த வாட்டிலேயே சத்தம் தூரம் போகிறது.

எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக்கு அந்தக் கரகரப்புதான் அழகு. துல்லியமான பெட்டியில் சாமி இறங்குமா, சந்தேகம்தான்!

இரவு 10 மணியானால் நிறுத்தச் சொல்கின்றன 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்.