அசைவும் ஆக்கமும்: கணனிச் சிற்பக்கலையில் உழைப்பும் உடைமையும்

1

வீடியோ விளையாட்டுகளைச் சிறுவரின் பொழுதுபோக்கு என்றும் பண்பாட்டுத் தொழிலின் மலிவுச் சரக்கு என்றும் ஒதுக்கிவிடுதல் நமது விமரிசகரிடையே காணப்படும் பொதுவான மனப்பாங்காகும். இம்மனப்பாங்கு முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும், புகைப்படமும் சினிமாவும் ஒருகாலத்தில் இவ்வாறே ஒதுக்கப்பட்டன என்பதையும், அவற்றின் உற்பத்தி முறையை ஆராய்ந்ததன் மூலமே 1930களில் வோல்ட்டர் பெஞ்சமின் மார்க்சிய அழகியலை வளம்படுத்தினார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகின்றது என்று கேட்பதோடு அமையாது, அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கின்றது என்றும் கேட்கவேண்டும் என்பது 1934இல் அவர் வலியுறுத்திய கருத்தாகும். அவ்வினாவை அண்மைக்காலக் கலைச்சாதனமொன்றைக் குறித்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது ‘ட்ரீம்ஸ்’ என்னும் விளையாட்டாகும். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் 2006இல் தொடங்கப்பெற்று, 2010இல் சொனி நிறுவனத்தின் உடைமையான மீடியா மொலிக்கியூல் என்னும் நிறுவனம் இதனைத் தயாரித்தது. பிளேஸ்டேஷன் 4 இயந்திரத்துக்கென 2020 பெப்ரவரியில் இது முழுமையாக வெளிவந்தது. பெயரளவில் விளையாட்டெனினும், உண்மையில் ட்ரீம்ஸ் ஒரு பட்டறை. வாங்கியவர் அதனுள்ளேயே உருவங்களை வனையலாம், அவற்றுக்கு இயக்கம் அளிக்கலாம், இசை அமைக்கலாம், இவற்றையெல்லாம் கோத்துப் புதியதொரு விளையாட்டை ஆக்கிப் பிறரோடு பகிரலாம்.

சாதாரண கொன்ட்ரோலராலும் இவ்வேலைகளைச் செய்யலாம். ஆயினும் சிற்பத்தைப் பொறுத்தவரை நமது கவனத்துக்குரியது ‘மூவ்’ என்னும் அசைவுணர் கொன்ட்ரோலராகும். 2010இல் சொனி வெளியிட்ட இதன் நுனியில் ஒளிரும் உருண்டையொன்று உண்டு. எதிரேயுள்ள கமரா அவ்வுருண்டை இருக்கும் இடத்தையும், அது தோன்றும் பருமனைக்கொண்டு அதன் தூரத்தையும் கணிக்கின்றது. கைப்பிடியினுள் அமைந்த உணரிகள் அதன் சாய்வையும் சுழற்சியையும் அறிவிக்கின்றன. கைக்கொன்றாக இரண்டை ஏந்தியவர், வெறும் வெளியில் கைகளை அசைத்தே திரையில் தலையையும் தோளையும் திரட்டியெடுக்கின்றார். 2013 பெப்ரவரியில் நியூ யோர்க்கில் பிளேஸ்டேஷன் 4 அறிமுகமான மேடையிலேயே, மீடியா மொலிக்கியூலின் நிறுவுநருள் ஒருவரான அலெக்ஸ் எவன்ஸ் இத்தகைய சிற்பவேலையைக் காட்டினார்.

விசைகளை அழுத்துவதோடு முடங்கியிருந்த கை, மீண்டும் கலைஞனின் கையாகிவிட்டது என்று இதனை வருணிப்பது இலகு. அவ்வருணனையில் உண்மையும் உண்டு. ஆனால் கை எதனிடமிருந்து விடுதலை பெற்றது, அவ்விடுதலை எங்கே வந்து நின்றது என்பவற்றை வரலாற்றடிப்படையில் நோக்காவிடின், விமரிசனம் விளம்பரமாகிவிடும்.

2

மனிதக் கையின் நுண்மை இயற்கை தந்த கொடையன்று, தலைமுறை தலைமுறையாக நடைபெற்ற உழைப்பே அதனை ஈட்டித்தந்தது என்பது 1876இல் ஏங்கெல்ஸ் எழுதிய கட்டுரையொன்றின் மைய வாதமாகும். முதலாளித்துவம் அந்நுண்மையைக் கையாண்ட விதத்துக்கு ஓர் உதாரணம் நமது விடயத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

அமெரிக்காவில் 1910களில் பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளரின் அசைவுகளை ஆராய்ந்தனர். கொத்துவேலையிலிருந்து வந்தவரான பிராங்க் கில்பிரெத், ஒரு செங்கல்லை வைப்பதற்குத் தேவையான அசைவுகளை 18இலிருந்து 5ஆகக் குறைத்தார் என 1911இல் வெளியான தமது நூலில் டெய்லர் பாராட்டி எழுதினார். பின்னர் இத்தம்பதியர் தொழிலாளியின் கையிலே சிறு மின்விளக்கொன்றைப் பொருத்தி, கமராவின் கண்ணை நீண்டநேரம் திறந்துவைத்துப் படம்பிடித்தனர். படத்தில் ஆளின் உருவம் மங்க, கை சென்ற வழி ஒளிக்கோடாகத் துலங்கிற்று. அக்கோட்டைப் பார்த்துக் கம்பிகளை வளைத்து முப்பரிமாண உருவங்களையும் அவர்கள் செய்தனர். மிகச் சிறந்த ஒரே வழி எதுவெனத் தொழிலாளிக்குக் கற்பிப்பதற்கு அவை பயன்பட்டன.

கையில் விளக்கு, எதிரே கமரா, வெளியிலே சென்ற அசைவு ஓர் உருவமாக நிலைபெறுதல் ஆகிய மூன்று கூறுகளும் மூவ் கொன்ட்ரோலரில் அப்படியே உள்ளன. இது நேரடியான வழித்தோன்றல் என நாம் வாதிடவில்லை. ஆனால் இவ்வொப்புமை ஒன்றைத் தெளிவாக்குகின்றது. கில்பிரெத்தின் கம்பியுருவமும் ஒருவகையிற் சிற்பமே; அதனைச் செதுக்கியது தொழிலாளியின் கை. எனினும் அச்சிற்பத்தைக் கருதியவனும் கைக்கொண்டவனும் தொழிலாளியல்லன். கருதுவோரையும் செய்வோரையும் பிரித்துவைப்பதே முகாமையியலின் சாரம் என 1974இல் ஹரி பிரேவர்மன் காட்டியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

நுட்பம் ஒன்றாயிருப்பினும் உறவு வேறாகலாம். 1949இல் பிறான்சின் வலோரிஸ் என்னும் குயவரூரில் மட்பாண்ட வேலையில் ஈடுபட்டிருந்த பிக்காசோ, இருளிலே சிறு விளக்கை ஏந்தி வெளியில் உருவங்கள் வரைந்தார்; ஜோன் மிலி அவற்றைப் புகைப்படமாக்கினார். அங்கே கருதியவனும் செய்தவனும் ஒருவனே. ஆனால் உருவம் தட்டையான படத்தில் மட்டும் தங்கிற்று. அக்கோட்டைத் திருப்பிப் பார்க்கவும், அதன்மேல் மேலும் வேலைசெய்யவும் வழியிருக்கவில்லை. ட்ரீம்ஸ் அவ்வழியைத் திறந்தது என்பதில் ஐயமில்லை.

3

அது எவ்வாறு திறந்தது என்பதை நுணுகி நோக்குதல் தகும். பெரும்பாலான வீடியோ விளையாட்டுகளில் உருவங்கள் முக்கோணத் துண்டுகளாலான வலைகளாக அமைகின்றன. ட்ரீம்ஸில் வனைபவர் கோளம், கனவடிவம், கூம்பு முதலிய எளிய வடிவங்களை எடுத்து, ஒன்றோடொன்று கூட்டியும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தும் வேலைசெய்கின்றார். அழுத்தியவாறே கையை இழுத்தால் வடிவம் கைசென்ற வழியே நீள்கின்றது. இரு வடிவங்கள் சந்திக்கும் விளிம்பை மெழுகுபோல் இளக்கி இணைக்கவும் முடியும். இந்நுட்பத்தை எவன்ஸ் 2015இல் சிக்கிராஃப் மாநாட்டில் விளக்கினார். ஒரு சிற்பம் இத்தகைய செயல்களின் வரிசையாகவே நினைவகத்தில் இருக்கின்றது. திரையில் அது எண்ணற்ற சிறு தீற்றல்களாகப் பரவித் தோன்றுகின்றது.

இதன் அழகியல் விளைவுகள் கருதத்தக்கவை. முதலாவதாக, கையின் தயக்கமும் நடுக்கமும் வடிவத்திலே தங்குகின்றன. கணனி உருவங்களுக்கு இயல்பான வழவழப்பு இதனாற் குறைந்து, ஆக்கியவரின் கை தெரிகின்றது. இரண்டாவதாக, தீற்றல்களை இறுக்கவும் தளர்த்தவும் முடிவதால், சிற்பத்துக்கும் ஓவியத்துக்குமிடையே ஒரு நிலை தோன்றுகின்றது. விளிம்பு கலைந்து காற்றிலே கரையும் முகங்களை இங்கு காணலாம்.

மூன்றாவது விளைவு ஓர் இழப்பாகும். களிமண் கையை எதிர்க்கும். கல் தன் இழையின் வழியே பிளக்கும். சிற்பியின் அறிவு பெரிதும் இவ்வெதிர்ப்போடு போராடியே உருவாகின்றது. மூவ் கொன்ட்ரோலர் அதிருமேயன்றி எதிர்க்காது. தாங்குவதற்கு ஒன்றுமில்லாத வெளியில் நீட்டிய கை விரைவிற் களைப்படையும். பாரமில்லை, ஆகவே உருவம் சாயுமென்ற அச்சமும் இல்லை. இதற்கு மாறாக, திரையில் ஒரு வெப்பமானி உண்டு. இயந்திரத்தின் கொள்ளளவில் எவ்வளவு செலவாகிவிட்டது என்பதை அது காட்டும். அது நிரம்பினால் மேலும் வனைய இயலாது. பொருளின் எதிர்ப்பு மறைந்த இடத்தில் இயந்திரத்தின் எல்லை வந்து அமர்கின்றது. தேர்ந்த ஆக்குநர் இவ்வெல்லையையே தமது கல்லாகக் கொண்டு சிக்கனத்தைப் பயில்கின்றனர் என்பது பாராட்டுக்குரியது. ஆனால் கல்லின் எல்லையை வகுத்தது இயற்கை. இவ்வெல்லையை வகுத்தது ஒரு நிறுவனத்தின் வன்பொருள். இவ்வேறுபாட்டுக்குப் பின்னர் திரும்புவோம்.

தயாரித்த நிறுவனமே ஆக்கி உடன் வெளியிட்ட ‘ஆர்ட்ஸ் ட்ரீம்’ என்னும் கதை, இச்சாதனத்தின் கருத்துநிலையைப் புலப்படுத்துகின்றது. தன் குழுவினரோடு முரண்பட்டுப் பிரிந்த ஜாஸ் இசைக்கலைஞன் ஒருவன், தன் மனத்தின் அச்சங்களோடு போராடி மீள்வதே அதன் பொருள். கலைஞன் கூட்டுழைப்புக்குத் திரும்பவேண்டும் என்னும் உணர்வு அதில் உண்டு, அது வரவேற்கத்தக்கது. ஆயினும் முரண்பாடு முழுவதும் உளவியலாக மாற்றப்பட்டுவிட்டது. குழு ஏன் குலைந்தது, கலைஞன் எதனை உண்டு வாழ்கின்றான் என்ற வினாக்கள் எழுவதில்லை. ட்ரீம்ஸின் பின்னைய வரலாறு எழுப்பியது துல்லியமாக இவ்வினாக்களையே.

4

கைவினையும் இயந்திரமும் பற்றிய விவாதம் நமக்குப் புதியதன்று. 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலில், அந்நிய ஆட்சியின்கீழ்க் கண்டிக் கைவினைஞர் நலிவுற்றமையை ஆவணப்படுத்தினார். வில்லியம் மொறிஸ் சோசரின் படைப்புகளை அச்சிட்ட அதே கையச்சு இயந்திரத்தில் அந்நூல் அச்சிடப்பெற்றமை தற்செயலன்று. மொறிஸின் தாக்கத்துக்கு உட்பட்ட குமாரசுவாமி, கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையே தெளிவான வேறுபாடு காட்டினார். கம்பளத் தறி நெசவாளனின் விரல்களுக்குத் துணைநிற்பதால் அது கருவி. விசைத்தறியோ வேலையில் மனிதனுக்கேயுரிய பகுதியைத் தானே செய்துவிடுவதால் அது இயந்திரம்.

இவ்வளவுகோலால் அளப்பின், மூவ் கொன்ட்ரோலர் ஐயமின்றிக் கருவியேயாம். வடிவத்தைத் தீர்மானிப்பது மனிதக் கை. கமராவும் கணிதமும் அதற்குத் துணைநிற்கின்றன. சில சொற்களைக் கொடுத்தவுடன் முழுப் படத்தையும் தாமே தந்துவிடும் இன்றைய செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களோடு ஒப்பிடின், இவ்வேறுபாட்டின் பெறுமதி நன்கு புலனாகும். குமாரசுவாமியின் அளவுகோல் இன்றும் உயிருள்ளது என்பதை நாம் தயக்கமின்றி ஏற்கவேண்டும்.

ஆனால் அது போதியதன்று. குமாரசுவாமி உழைப்பின் நிகழ்முறையை நோக்கினார். உடைமையை அதேயளவு கூர்மையுடன் நோக்கவில்லை. பரம்பரைக் கைவினைச் சமூகத்தை அவர் இலட்சியமாகக் கண்டபோது, அச்சமூகத்தின் சாதிக்கட்டுகளும் அவரது பார்வையிற் பொலிவு பெற்றன. மொறிஸ் ஒரு சமவுடைமைவாதி என்பதால், கருவி எவர் கையிலிருக்கின்றது என்பதோடு எவருக்கு உரியது என்றும் கேட்டார். ட்ரீம்ஸைப் பொறுத்தவரை முதல் வினாவுக்கான விடை மகிழ்ச்சி தருகின்றது. இரண்டாவது வினாவுக்கான விடை அவ்வாறன்று.

5

ட்ரீம்ஸில் ஒருவர் ஆக்கியதை, அவர் அனுமதித்தால், இன்னொருவர் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். அவ்வாறு பயன்படுத்தும்போது முன்னையவரின் பெயர் தானாகவே பதிவாகின்றது. ஒரு மரத்தை ஒருவர் வனைய, அதனைக்கொண்டு வேறொருவர் காடொன்றை அமைக்க, அக்காட்டில் மூன்றாமவர் கதையொன்றை நிகழ்த்தலாம். மூவரின் பெயரும் தொடர்ந்து வரும். பண்டத்தினுள்ளே உழைப்பாளர் மறைந்துபோகும் சமூகத்தில், உழைப்பின் வம்சாவளியை வெளிப்படையாகக் காட்டும் இவ்வேற்பாடு சாதாரணமானதன்று. கூட்டுப்படைப்பின் வருங்கால வடிவமொன்றின் கருவினை இதிற் காணலாம்.

ஆயினும் இப்பட்டறைக்கு வெளிவாயில் இருக்கவில்லை. ஆக்கிய விளையாட்டை ட்ரீம்ஸுக்குள் விற்கமுடியாது. சிற்பத்தை ஓர் உருவக்கோப்பாக வெளியே எடுத்து வேறு கணனியில் வேலைசெய்யவும் வழியில்லை. திரையில் தோன்றுவதைப் படம்பிடிக்கலாம், அவ்வளவே. தெரிந்தெடுக்கப்பட்ட சிலரைப் பரீட்சார்த்தமாக வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கும் திட்டமொன்று இருந்தபோதிலும், அது இப்பொதுநிலையை மாற்றவில்லை. விலைகொடுத்துப் பட்டறைக்குள் நுழைந்தவர்கள் ஊதியமின்றி அதனை நிரப்பினர். அவ்வாறு நிரம்பியதே அதனை மேலும் விற்பதற்கான காரணமாயிற்று.

2023 ஏப்ரிலில், ட்ரீம்ஸைத் தொடர்ந்து வளர்ப்பதற்கு நிலைத்த வழியொன்றை வகுக்க இயலவில்லை என்று கூறி, அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதியுடன் அதற்கான தொடர்ச்சியான விருத்தியை நிறுத்துவதாக மீடியா மொலிக்கியூல் அறிவித்தது. ஆக்கியவற்றைப் பேணவும் பகிரவும் தொடர்ந்து முடியுமென உறுதியளிக்கப்பட்டது. ஆனால் பிளேஸ்டேஷன் 5 இயந்திரத்துக்கென ஒரு பதிப்போ, 2023 பெப்ரவரியில் வெளிவந்த புதிய மெய்நிகர் தலைக்கவசத்துக்கென ஒரு பதிப்போ வராது என்பதும் தெளிவாயிற்று. அவ்வாண்டின் ஒக்டோபரில் அந்நிறுவனத்தின் ஊழியர் பலரும் வேலையிழந்தனர். வெளியிலிருந்து வனைந்தவரும் உள்ளிருந்து பட்டறையைக் கட்டியவரும் ஒரே முடிவுக்கு ஆளாயினர் என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

இதுவே தொழில்நுட்பத்தின் தவிர்க்கவியலா விதி எனக் கொள்வதும் தவறு. சிற்பத்துக்கு அயலான ஒரு துறையில், அசைவுணர் கொன்ட்ரோலரால் வெளியில் வரைவதற்கென 2016இல் கூகிள் வெளியிட்ட ‘டில்ட் பிரஷ்’ இதற்குச் சான்று. 2021 ஜனவரியில் கூகிள் அதன் விருத்தியை நிறுத்தியபோது, மூலநிரலை எவரும் எடுத்தாளுமாறு திறந்துவிட்டது. பயன்படுத்தியோர் அதனைப் பொறுப்பேற்று ‘ஓப்பன் பிரஷ்’ என்னும் பெயரில் தொடர்ந்து வளர்த்தனர். பெருநிறுவனம் கைவிடுதல் இரு இடத்தும் ஒன்றே. கருவி பொதுவுடைமையான இடத்தில் கலை தொடர்ந்தது. தனியுடைமையாக நின்ற இடத்தில் அதன் வளர்ச்சி நின்றது. கூகிளின் பெருந்தன்மையை மெச்சுவதற்காக இதனைக் கூறவில்லை. உடைமையின் வடிவம் மாறின் கலையின் விதியும் மாறும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எனவே, புதிய கலைச்சாதனங்களை நோக்கும் முற்போக்கு விமரிசனம், கை எவ்வளவு சுதந்திரமாக அசைகின்றது என்பதை அளப்பதோடு நின்றுவிடலாகாது. ஆக்கியவர் தாம் ஆக்கியதை எடுத்துச் செல்ல முடியுமா, கருவியைத் தாமே பழுதுபார்க்க முடியுமா, அதனைத் தம்பின் வருவோருக்குக் கையளிக்க முடியுமா என்பவற்றையும் அது கேட்கவேண்டும். ட்ரீம்ஸ் கில்பிரெத்தின் விளக்கை முகாமையாளனின் கணக்கிலிருந்து மீட்டு ஆக்குவோரின் கையில் வைத்தது. இது பெரும் முன்னேற்றம். அவ்விளக்கின் ஒளியில் உருவானவை ஆக்கியோருக்கே உரியனவாகும்வரை, அம்முன்னேற்றம் பாதிவழியிலேயே நிற்கும்.